குளிர்தேசத்து முற்றம்: புல் விதை வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

எங்கள் ஊர்களில் முற்றம் என்றால் கூட்டிப் பெருக்கிய மணல். விடியற்காலையில் விளக்குமாற்றின் கீறல்கள் அதில் வரிவரியாகத் தெரியும். ஒரு பிடி புல் தலைகாட்டினாலும் பிடுங்கி எறிந்துவிடுவோம். முற்றத்தில் புல் மண்டிக் கிடந்தால் அந்த வீட்டில் சனம் இல்லை என்று பொருள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிப் போனவர்கள், கால் நூற்றாண்டுக்குப் பிறகு காணிகள் விடுவிக்கப்பட்டபோது பற்றையையும் புல்லையும் வெட்டித்தான் தங்கள் வீட்டின் அத்திவாரத்தைத் தேடினார்கள். வன்னியில் மீளக்குடியேறியவர்களுக்கு உயர்ந்த புல் என்றால் மிதிவெடிப் பயம்.

கனடாவில் கதை தலைகீழ். இங்கே வீட்டின் முன்னால் மண் தெரிந்தால்தான் அது கைவிடப்பட்ட வீடு. புல் இருக்க வேண்டும், பச்சையாக இருக்க வேண்டும், அளவோடு வெட்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டு வேலை செய்து, பேஸ்மன்ற்றில் ஆண்டுக்கணக்காக இருந்து, கடைசியில் ஒரு வீடு வாங்கியவர்களுக்கு அந்த முன்வளவு புதிய தலையிடியாக வந்து சேர்கிறது. எப்படி வளர்ப்பது என்று எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஊரில் தோட்டம் செய்த அனுபவம் நிறைய இருந்தும் அது இந்த விடயத்தில் பாதிதான் கைகொடுக்கிறது.

நான் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பத்து ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டப் பராமரிப்பு வேலை செய்கிறேன். என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "தம்பி, ஒவ்வொரு வருசமும் விதை போடுறன், பச்சையா வருது, அடுத்த வருசம் பார்த்தால் ஒண்டுமில்லை. என்ன காரணம்?" பெரும்பாலும் காரணம் மண்ணிலோ கைராசியிலோ இல்லை. வாங்கிய பையில்தான் இருக்கிறது.

அறுகு ஏன் இங்கே நிற்காது

புற்களில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. ஒன்று வெப்பகாலப் புல். 27 முதல் 35 பாகை செல்சியஸ் வெயிலில்தான் அது செழிக்கும். எங்கள் அறுகம்புல் இந்த வகை. மற்றது குளிர்காலப் புல். 15 முதல் 24 பாகைக்குள் அது நன்றாக வளரும். இலையுதிர்காலத்தில் குளிர் மெல்ல மெல்லக் கூடும்போது, மண்மட்டத்தில் இருக்கும் தன் குருத்தடியில் சர்க்கரையைச் சேமித்து, உயிரணுக்களில் உள்ள நீரைக் குறைத்து, உறைபனிக்குத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும். மேலே இலை காய்ந்தாலும் குருத்தடி உயிரோடு இருக்கும். ஏப்ரலில் பனி உருகியதும் அங்கிருந்துதான் புதுத் தளிர் வருகிறது.

அறுகுக்கு அந்த வலு போதாது. ஒன்ராறியோவில் நட்டால் கோடையில் ஓடிப் படரும். முதல் உறைபனியோடு பழுப்பாகும். கடும் மாரி ஒன்று வந்தால் கிழங்கோடு செத்துப்போகும். பிள்ளையாருக்கு வேண்டுமென்றால் ஒரு பூச்சட்டியில் நட்டு, ஒக்டோபரில் வீட்டுக்குள் எடுத்து வெயில்படும் யன்னலோரம் வைத்தால் காணும். முன்வளவுக்கு அதை நம்ப முடியாது.

நான்கு புற்கள், நான்கு குணங்கள்

தென் ஒன்ராறியோவில் கடைகளில் கிடைக்கும் நல்ல விதைப் பைகள் எல்லாம் அநேகமாக நான்கு புற்களின் கலவைகள்தான். நான்கையும் தனித்தனியே அறிந்துகொண்டால் எந்தப் பையையும் வாசிக்கலாம்.

முதலாவது கென்ரக்கி புளூகிராஸ். பெயரில் அமெரிக்க மாநிலம் இருந்தாலும் ஐரோப்பாவிலிருந்து குடியேறிகளோடு கடல் தாண்டி வந்த புல் இது. புதிய வீடுகளின் முன்னால் பாய்போலச் சுருட்டிக்கொண்டு வந்து விரிக்கும் புல்லில் பெரும்பங்கு இதுதான். மண்ணுக்கடியில் கிழங்குத் தண்டு ஓட்டிப் பரவும். ஆகவே ஓரிடத்தில் சேதமானால் பக்கத்திலிருந்து தானே வந்து மூடிக்கொள்ளும். குளிரைத் தாங்குவதில் நான்கிலும் முதலிடம். கோடை வரட்சியில் பழுப்பாகி உறங்கும், மழை வந்ததும் எழும்பும். குறைகளும் உண்டு. நல்ல வெயில் வேண்டும், பசளை அதிகம் கேட்கும், முளைக்க 2 முதல் 4 வாரங்கள் எடுக்கும். இந்தத் தாமதத்தைப் பார்த்துத்தான் பலர் விதை பழுதென்று நினைத்து இரண்டாம் வாரத்தில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிடுகிறார்கள். அப்போதுதான் வெடித்த முளை காய்ந்து சாகிறது.

இரண்டாவது பல்லாண்டு றைகிராஸ். 5 முதல் 10 நாட்களில் முளைத்துவிடும். பிள்ளைகள் ஓடி விளையாடினாலும் தாங்கும். ஆனால் குத்தாகத்தான் வளரும், பரவாது. ஒரு குத்து செத்தால் அந்த இடம் வெறுமைதான். குளிரைத் தாங்குவதிலும் நான்கில் இதுவே பின்தங்கியது. உருகிய பனி மறுபடி உறைந்து கண்ணாடிபோல மூடிக்கொள்ளும் இடங்களில் இது முதலில் சாகும்.

மூன்றாவது ஃபைன் ஃபெஸ்கியூ குடும்பம். ஊசிபோல மெல்லிய இலை. சிவப்பு ஃபெஸ்கியூ, செவிங்ஸ் ஃபெஸ்கியூ, ஹார்ட் ஃபெஸ்கியூ என்று பல உறுப்பினர்கள். நிழலைத் தாங்கும், வறண்ட ஏழை மண்ணிலும் நிற்கும், பசளையும் தண்ணீரும் குறைவாகவே கேட்கும். மேப்பிள் மரத்தின் கீழும் வீட்டின் வடக்குப் பக்கத்திலும் இதைவிட்டால் வேறு வழியில்லை. ஆட்கள் அடிக்கடி மிதிக்கும் இடத்துக்கும் தண்ணீர் தேங்கும் இடத்துக்கும் இது சரிவராது.

நான்காவது டோல் ஃபெஸ்கியூ. வேர் மற்றவற்றைவிட ஆழமாக இறங்கும். ஆகவே யூலை, ஓகஸ்ட் வெயிலில் மற்றப் புற்கள் பழுப்பாகும்போது இது பச்சையாக நிற்கும். இலை சற்று அகலம். இதுவும் பெரும்பாலும் குத்தாக வளர்வது. தென் ஒன்ராறியோவின் மாரியைத் தாங்கும். வின்னிபெக், எட்மன்ரன் போன்ற இடங்களில் இதையும் றைகிராஸையும் நம்பாமல் கென்ரக்கி புளூகிராஸையும் ஃபைன் ஃபெஸ்கியூவையும் அடித்தளமாக வைப்பதே பாதுகாப்பு. நோர்வேயில் இருக்கும் உறவுகளுக்கும் இதே அறிவுரை பொருந்தும். அங்கே வேறு பெயர்களில் விற்பதும் பெரும்பாலும் இதே சிவப்பு ஃபெஸ்கியூவும் புளூகிராஸும்தான்.

பையின் முன்பக்கத்தை நம்பாதீர்கள்

முன்பக்கத்தில் படம் இருக்கும், "விரைவாக முளைக்கும்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது பின்பக்கம். அங்கே கலவையில் உள்ள இனங்களின் பெயர்கள் இருக்கும். "கனடா நம்பர் 1" என்ற தரக்குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். களை விதைகள் குறைவாக இருப்பதற்கு அது ஒரு காப்பு.

அடுத்துத் தேட வேண்டியது "ஆனுவல் றைகிராஸ்" என்ற சொல். ஒரே ஆண்டில் வாழ்ந்து முடியும் புல் அது. மலிவு, ஒரு கிழமையில் பச்சை காட்டும், மாரியோடு போய்விடும். எனக்குத் தெரிந்த ஓர் ஐயா, ஓய்வூதியத்தில் வாழ்பவர், ஐந்து வசந்தகாலங்கள் இதே வகைப் பையை வாங்கித் தூவியிருக்கிறார். வாங்கிய இடத்தில் எவரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் இருந்ததை அவர் வாசிக்கவுமில்லை. தன் கையில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தார். பெற்றோருக்குக் கடையில் அந்தப் பின்பக்கத்தை வாசித்துச் சொல்வது பிள்ளைகள் செய்யக்கூடிய சின்ன உதவி.

சதவீதக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பையில் போடுவது எடைக் கணக்கு. ஒரு கிலோ றைகிராஸில் ஏறக்குறைய 5 இலட்சம் விதைகள். கென்ரக்கி புளூகிராஸ் விதையோ தூசிபோலச் சின்னது. ஒரு கிலோவில் அதைப்போலப் பல மடங்கு விதைகள் இருக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் புளூகிராஸ்தான் வெல்ல வேண்டும். நடப்பதோ வேறு. றைகிராஸ் ஒரு கிழமையில் முளைத்து, வெளிச்சத்தையும் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும். பிந்தி முளைக்கும் புளூகிராஸ் அதன் நிழலில் நலிந்துபோகும். அதனால் கலவையில் றைகிராஸ் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. அந்த அளவில் அது முதல் மாதத்தில் மண்ணைப் பிடித்துவைக்கும் காவலாக இருக்கும், ஆக்கிரமிக்காது.

சில விதைகளுக்கு நீலமாகவோ பச்சையாகவோ பூச்சு இருக்கும். ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்று சொல்லி விற்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் பையின் எடையில் பாதி வரை அந்தப் பூச்சாகவே இருக்கக்கூடும். ஒரு கிலோ வாங்கினால் அரைக் கிலோ விதைதான் கிடைக்கிறது என்று கணக்குப் போட்டு விலையை ஒப்பிடுங்கள்.

எந்த வளவுக்கு எது

நாள் முழுக்க வெயில் படும் முன்வளவு என்றால் கென்ரக்கி புளூகிராஸ் பாதிக்கு மேல், மீதியில் ஃபைன் ஃபெஸ்கியூவும் கொஞ்சம் றைகிராஸும். மரநிழல் என்றால் ஃபைன் ஃபெஸ்கியூ முக்கால் பங்கு. வெயில் கடுமை, தண்ணீர் ஊற்ற நேரமில்லை, இரவு வேலை என்றால் டோல் ஃபெஸ்கியூவைப் பெரும்பங்காக வைத்த கலவை.

ஒரே இனத்தை மட்டும் போடாமல் கலவையாகப் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நோயோ ஒரு கடும் மாரியோ எல்லா இனங்களையும் ஒரேயடியாகத் தாக்காது. ஒன்று விழுந்தால் மற்றது நிற்கும்.

டிரைவே ஓரமும் நடைபாதை ஓரமும் தனிக் கதை. மாரியில் வீதிக்குப் போடும் உப்பு கரைந்து அங்கேதான் இறங்குகிறது. கென்ரக்கி புளூகிராஸ் உப்பைத் தாங்காது. அந்த ஓரத்துக்குச் சிவப்பு ஃபெஸ்கியூவோ டோல் ஃபெஸ்கியூவோ சேர்த்த கலவையைப் போடுங்கள். ஏப்ரலில் அந்த இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உப்பைக் கீழே இறக்கிய பிறகே விதையுங்கள்.

வெள்ளைக் குளோவர் சேர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாகச் சேர்க்கலாம். பயறு, உழுந்து போல அதுவும் காற்றிலுள்ள நைதரசனை வேரில் பிடித்து மண்ணுக்குத் தரும். வரட்சியில் பச்சையாக நிற்கும், மாரியையும் தாங்கும். பூவுக்குத் தேனீ வரும் என்பதை மட்டும் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர் நினைவில் வைக்க வேண்டும்.

எப்போது விதைப்பது

பலர் விதைப்பது மே மாதத்தில். கடைகளில் பைகள் குவிந்திருப்பதும் அப்போதுதான். ஆனால் தென் ஒன்ராறியோவில் மிகச் சிறந்த காலம் ஓகஸ்ட் நடுப்பகுதி முதல் செப்ரெம்பர் மூன்றாம் வாரம் வரை. பள்ளிக்கூடம் தொடங்கும் காலம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். மண் இன்னும் சூடாக இருக்கும், இரவு குளிரும், களைகளின் வேகம் அடங்கியிருக்கும். உறைபனி வருமுன் புல்லுக்கு ஆறேழு வாரங்கள் கிடைக்கும். மே மாதத்தில் விதைத்தால் முளைத்த குஞ்சுப் புல் வேர் ஆழமாக இறங்குமுன் யூலை வெயிலில் மாட்டிக்கொள்கிறது. வெயிலை விரும்பும் கிராப்கிராஸ் என்ற களையும் அதே வேளையில் எழும்பி அதை நெருக்கிவிடும்.

செப்ரெம்பரைத் தவறவிட்டால் ஒக்டோபரில் அவசரப்பட வேண்டாம். அப்போது முளைப்பது பிஞ்சாகவே மாரியில் மாட்டும். நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு, மண் முளைவிட முடியாத அளவு குளிர்ந்ததும் தூவினால், விதை பனிக்கடியில் உறங்கிக் கிடந்து ஏப்ரலில் முளைக்கும். இதில் சிறிது விதை வீணாகும் என்றாலும் மே மாதத்தைவிட முந்திக்கொள்ளலாம்.

விதைக்கும் முறை

புதிய குடியிருப்புகளில் வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்தெடுத்து, கனரக வாகனங்கள் களிமண்ணை இறுக்கிய பிறகு, மெல்லிய படையாக மேல்மண் போட்டுப் புல் பாயை விரித்துவிடுகிறார்கள். அதனால் விதையைவிட முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும். ஒரு திருப்புளியைக் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்காவிட்டால் துளையிடும் இயந்திரத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். அயலில் மூன்று நான்கு வீட்டார் சேர்ந்து எடுத்தால் செலவு குறையும்.

இருக்கும் புல்லை 4 அல்லது 5 சென்ரிமீற்றருக்கு வெட்டி, விறாண்டியால் காய்ந்ததை வாரி எடுங்கள். அரை முதல் ஒரு சென்ரிமீற்றர் கனத்துக்குக் கூட்டெருவைப் பரப்புங்கள். புது நிலத்துக்கு 100 சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 2 கிலோ புளூகிராஸ்-ஃபெஸ்கியூ கலவை போதும். 6 மீற்றர் அகலம், 8 மீற்றர் நீளம் உள்ள முன்வளவுக்கு ஒரு கிலோ. டோல் ஃபெஸ்கியூவின் விதை பெரிது. ஆகவே அதற்கு இரட்டிப்பு வேண்டும். பாதியை நெடுக்காகவும் மீதியைக் குறுக்காகவும் தூவுங்கள். பிறகு விறாண்டியின் முதுகால் மெல்ல இழுத்து, மிதித்துவிடுங்கள். அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் புதைந்தால் விதை வெளியே வராது.

முளைக்கும் வரை நாளுக்கு இரண்டு மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். முளைத்த பிறகு தடவைகளைக் குறைத்து அளவைக் கூட்டுங்கள். வளர்ந்த புல்லுக்கு மழையையும் சேர்த்து வாரத்துக்கு 2.5 சென்ரிமீற்றர் போதும். ஒரு வெற்று ரின்னை வைத்து அளந்து பார்க்கலாம். வெட்டும் உயரம் 6 முதல் 8 சென்ரிமீற்றர். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். வெட்டிய புல்லை அங்கேயே விடுங்கள், அதுவே பசளை.

சுண்ணாம்பு போடச் சொல்லி யாராவது வந்தால் மண் பரிசோதனை செய்யாமல் சம்மதிக்க வேண்டாம். தென் ஒன்ராறியோவின் பெரும்பகுதியில், யாழ்ப்பாணத்தைப் போலவே, அடியில் சுண்ணக்கல். பெரும்பாலான வளவுகளில் மேலதிகமாகச் சுண்ணாம்பு தேவைப்படாது. இருந்தும் ஒரு வயதான தம்பதிக்கு வருடாந்த ஒப்பந்தத்தில் அதையும் சேர்த்துப் பணம் வாங்கியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

மருந்தும் சட்டமும்

ஊரில் களைக்கும் பூச்சிக்கும் மருந்தடித்துப் பழகியவர்கள் இங்கும் அதையே தேடுகிறார்கள். ஒன்ராறியோவில் வீட்டுத் தோட்டத்தில் அழகுக்காக இரசாயனப் பூச்சிகொல்லிகளும் களைகொல்லிகளும் அடிப்பதற்கான தடை 2009 ஏப்ரல் 22இல் நடைமுறைக்கு வந்தது. அந்த வசந்தகாலத்தில் எங்கள் சனம் எங்கே நின்றது என்று சொல்லத் தேவையில்லை. ரொறன்ரோ வீதிகளில் பதாகைகளோடு நின்றோம். மே 10இல் கார்டினர் நெடுஞ்சாலையில் நின்றோம். புல்லைப் பற்றிய சட்டம் எவர் காதிலும் விழுந்திருக்காது. இன்றைக்கும் பழைய போத்தல்களைக் கராஜில் வைத்திருப்பவர்களைச் சந்திக்கிறேன். அவற்றைக் குப்பையிலோ வடிகாலிலோ கொட்டாமல், நகரசபையின் அபாயகரக் கழிவு சேகரிப்பு நிலையத்தில் ஒப்படையுங்கள்.

சட்டம் விட்டுவைத்த வழிகள் உண்டு. டண்டிலயனுக்கு இரும்புச்சத்து அடிப்படையிலான களைகொல்லி கிடைக்கிறது. வேரைத் தின்னும் வெள்ளைப் புழுக்களுக்கு நெமற்றோட் என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்புழுக்களை வாங்கித் தண்ணீரில் கலந்து ஊற்றலாம். ஓகஸ்ட் கடைசியில், புழு சின்னதாக இருக்கும்போது, ஈரமான மண்ணில், வெயில் தாழ்ந்த பிறகு ஊற்றினால்தான் பலன். எல்லாவற்றையும்விட வலுவான களைகொல்லி அடர்ந்த புல்தான்.

ஏப்ரலில் பனி உருகியதும் சாம்பல் நிறத்தில் வட்ட வட்டமாகத் தெரிந்தால் பதற வேண்டாம். அது பனிப் பூஞ்சணம். விறாண்டியால் மெல்லக் கிளறிக் காற்றுப் பட விட்டால் பெரும்பாலும் தானே மீளும். நவம்பரில் கடைசித் தடவை வெட்டாமல் நீளமாக விடுவதும், இலைக் குவியலை அள்ளாமல் விடுவதும் அதை வரவழைக்கும்.

கடைசியாகக் கடிதங்கள். ரொறன்ரோவில் புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்தால் நகரசபை அறிவித்தல் அனுப்பும். அரச முத்திரையோடு ஒரு கடிதம் வந்தால் நெஞ்சு இடிக்கும் வாழ்க்கை வாழ்ந்து வந்தவர்கள் நாங்கள். காணியைப் பறிப்பார்களோ என்று ஓர் அம்மா என்னிடம் அழுதிருக்கிறார். எவரும் வீட்டை எடுக்க மாட்டார்கள். அந்தக் கடிதத்தில் ஒரு திகதி இருக்கும். அதற்குள் வெட்டினால் விடயம் முடிந்தது. வெட்டாவிட்டால் நகரசபை ஆள் வைத்து வெட்டி, செலவை உங்களிடம் அறவிடும். நோய், மரணவீடு, ஊர்ப்பயணம் என்று காரணம் இருந்தால் கடிதத்தில் உள்ள இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.

முன்வளவு முழுவதும் புல்லாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பூச்செடிகளும் இந்த மண்ணுக்குரிய தாவரங்களும் வைக்கலாம். பின்வளவில் கீரையும் பாகலும் போட அம்மாவுக்கு இடம் விட்டு, மிஞ்சிய இடத்துக்கு மட்டும் விதை வாங்குங்கள். சின்ன இடம் என்றால் நல்ல விதை வாங்கக் காசு காணும். இந்த ஓகஸ்டில் வளவை அளந்து, வெயில் எங்கே, நிழல் எங்கே என்று ஒரு நாள் பார்த்துக் குறித்துக்கொண்டு, பிறகு கடைக்குப் போங்கள். பையைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசியுங்கள்.